நான் சிரித்த சிரிப்பும் கூடலூர் இறக்கமும்

தேனிலவுக்கு ஊட்டி போய் வந்தவர்கள் குளிரைப் பற்றியும் பூக்களைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்கு நினைவிருப்பதெல்லாம் பிரேக் வாடைதான். ஐந்து நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போய் வந்தவள் வேறு எதை எழுத முடியும்?

கல்யாணமாகி நாற்பத்தோராவது நாள் குன்னத்திலிருந்து கிளம்பினோம். ஆடி பிறந்தால் என்னைப் பிறந்த வீட்டுக்கு, ஆண்டிமடத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குள் ஊட்டி, முதுமலை, பந்திப்பூர் எல்லாம் காரிலேயே சுற்றிவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் வேல்முருகனுக்கு ஆசை. அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பழைய டீசல் கார் வாங்கியிருந்தார். அதை வீட்டுக்கும் ஆலைக்கும் ஓட்டிக் கைதேர்ந்துவிட்டதாக அவருக்கு நம்பிக்கை. அந்த ரோட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்காச்சோளமும் பருத்தியும்தான். மேடு என்று சொல்ல ஒரு பாலம் இருக்கிறது.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். இதுதான் என் ரகசியம். அப்பா முந்திரிக்கொட்டை வாங்கிப் பண்ருட்டிக்கு ஏற்றுகிறவர். அவர் இடுப்பு எலும்பு உடைந்து படுத்தபோது மினி லாரியை நான்தான் எடுத்தேன். இரண்டு வருஷம் ஓட்டினேன். பச்சைமலை மேலே போய் லோடு ஏற்றி இறக்கியதும் உண்டு. என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “பொட்டப்புள்ள லோடு வண்டி ஓட்டுச்சின்னு தெரிஞ்சா, புள்ள சம்பாரிச்சிதான் வூடு ஓடிச்சின்னு பேசுவாங்க. அங்க போயி வாயத் தொறக்காத.” திறக்கவில்லை. லைசென்ஸை ஆதார் அட்டைக்குப் பின்னால் செருகிவைத்துக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கிளம்புகிற அன்று அத்தை, அதாவது என் மாமியார், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். மாமனார் இல்லை. ஒரே பிள்ளை. கார் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

துறையூரில் டீக்கு நிறுத்தியபோது பச்சைமலை பக்கத்தில் தெரிந்தது. “மலையில ஏறியிருக்கியா?” என்று அவர் கேட்டார். இல்லைங்க என்றேன். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அதன் ஒவ்வொரு வளைவிலும் நான் ஹாரன் அடித்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையம் வரை ஒரு குறையும் இல்லை. அடிவாரத்தில் பாக்குத்தோப்பு தாண்டியதும் ஆரம்பித்தது. மூன்றாவது கியரிலேயே ஏற்றிவிடலாம் என்று பார்க்கிறார். வண்டி மூச்சு முட்டி உதறுகிறது. ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் நின்றே போயிற்று. பின்னால் ஒரு அரசு பஸ். கார் பின்னோக்கி உருண்டது. ஒரு முழம்தான் இருக்கும், எனக்கு ஒரு பர்லாங் போல இருந்தது. பஸ் டிரைவர் தலையை நீட்டி, இங்கே ஓட்டிப் பழகவா வந்தீர்கள் என்று கேட்டார். என் கால் தானாகவே தரையில் கிளட்ச்சைத் தேடியது. புடவைக்குள் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கிளட்ச் கருகும் வாடை வந்தது. இப்படியே இன்னும் இரண்டு வளைவு ஏறினால் வண்டி படுத்துவிடும். நிறுத்தச் சொன்னால் ஏன் என்பார், காரணம் சொன்னால் எப்படித் தெரியும் என்பார். “எனக்கு ஒரு மாதிரி கொமட்டுதுங்க, ஓரமா நிறுத்துங்க” என்றேன். பதறிப்போய் நிறுத்தினார். நான் பாறை ஓரமாகப் போய்க் குனிந்து நின்று, மனதுக்குள் முந்நூறு எண்ணினேன். வண்டி ஆறியது. ஆகா, நல்ல வழி கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். குன்னூர் போவதற்குள் இன்னும் இரண்டு தடவை குமட்டினேன்.

அன்று சாயங்காலம் ஊட்டியில் ரூமுக்குப் போனதும் அத்தை போன் செய்தார். பிள்ளை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினார்.

“ஏம்மா, அவன் ஓட்டுறது ஒத்துக்கலியா, இல்ல வேற விசேஷமா?” என்று அத்தை கேட்டார்.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பக்கத்திலேயே நிற்கிற மனுஷனின் டிரைவிங் சரியில்லை என்று சொல்வதாகும். விசேஷம் என்றால் பொய். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தேன். புதுப்பெண் சிரிக்கிற சிரிப்பு. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான். அப்புறம் அத்தை, “செரி செரி, ஒடம்பப் பாத்துக்க. யாருகிட்டயும் இப்ப சொல்ல வேணாம், நானும் சொல்ல மாட்டேன்” என்றார். குரல் தழுதழுத்திருந்தது. நான் இல்லைங்க அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். போனை வைத்துவிட்டார். அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. கணக்குப்படி எனக்கு மாதவிலக்கு நாளே இன்னும் ஐந்து நாள் கழித்துத்தான்.

மறுநாள் ஊட்டி பூராவும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி நடத்தினார். தொட்டபெட்டாவில் படி ஏறவிடவில்லை. குதிரைப் பக்கம் போகவிடவில்லை. இலையோடு கேரட், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், சூடான வர்க்கி பிஸ்கட், சுக்குக் காப்பி என்று வாங்கிக்கொண்டே இருந்தார். மத்தியானம் ஓட்டலில் சாம்பாரைத் துழாவி, ஒரு சின்ன வெங்காயம்கூட இல்லை, இதையெல்லாம் சாம்பார் என்று விற்கிறார்கள் என்று சர்வரிடம் சண்டைக்குப் போனார். சின்ன வெங்காயம் விளைகிற பெரம்பலூர் மாவட்டத்துக்காரருக்கு அது மானப் பிரச்சினை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடுமோ என்று பயந்து, போட்டதையெல்லாம் தின்றுகொண்டிருந்தேன்.

ஓட்டல் வாசலில் இரண்டு டாக்ஸிக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடலூர் இறக்கத்தில் நேற்று மட்டும் நான்கு சமவெளி வண்டிகள் பிரேக் புகைந்து நின்றனவாம். கியரில் இறங்கு என்று போர்டு வைத்தாலும் இவர்கள் மண்டையில் ஏறுவதில்லை என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். நாளைக்கு நாங்கள் போக வேண்டிய ரோடு அதுதான்.

மூன்றாம் நாள் காலை பைக்காரா தாண்டி, நடுவட்டத்தில் டீ குடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தோம். இறக்கம் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளியது. எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பாலம் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம். அங்கே அரை நிமிஷத்தில் சமதளம் வந்துவிடும். இங்கே மலை முழுக்க இறக்கம்.

“இரண்டாவது கியரில் இறங்கவும்” என்று போர்டைச் சத்தமாகப் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார். அது லாரிக்காரர்களுக்கு என்றார். அடுத்த போர்டையும் படித்தேன். அதற்கடுத்ததையும் படித்தேன். பிறகு குமட்டினேன். நிறுத்தினார். பத்து நிமிஷம் ஆறவிட்டேன். திரும்பவும் நியூட்ரல், திரும்பவும் குமட்டல். மூன்றாவது தடவை அவர் நிறுத்தவில்லை. “கொஞ்சம் பொறுத்துக்கம்மா, கீழ டவுன் வந்துரும், ஆஸ்பத்திரியில காட்டிடுவோம்” என்று சொல்லிவிட்டு, என் மேலுள்ள அக்கறையில் இன்னும் வேகமாக விட்டார்.

யூகலிப்டஸ் மரங்கள் பின்னால் ஓடின. இரும்பு கருகும் வாடை உள்ளே வந்தது. ஒரு வளைவில் அவர் மிதித்த பிரேக் மிதி முழுசாக உள்ளே போனதைப் பார்த்தேன்.

“பிரேக் நிக்க மாட்டேங்குது” என்றார். இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

“கியரப் போடுங்க. மூணு. ஆக்சிலேட்டர கொஞ்சம் குடுத்துப் போடுங்க. விழுந்துதா? இப்ப ரெண்டு. கை பிரேக்க ஒரேடியா இழுக்காதீங்க, மெள்ள மெள்ள. எடது பக்கம் மண்மேடு இருக்கு, அதுல ஒரசி நிறுத்துங்க.”

நான் சொன்னதை எல்லாம் அப்படியே செய்தார். என்ஜின் அலறியது. இடது பக்கக் கண்ணாடி மண்மேட்டில் மோதி உடைந்தது. வண்டி நின்றது. முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை. எதிரே வளைவுக்கு அப்பால் வானம் மட்டும் தெரிந்தது.

அவர் இறங்கித் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சக்கரத்துப் பக்கம் ஓடினார். ஊற்றாதீங்க, சூட்டில் வெடித்துவிடும், தானாக ஆறட்டும் என்று தடுத்தேன். பாட்டிலைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“ஒனக்கெப்படித் தெரியும்?”

சொன்னேன். மினி லாரி, பண்ருட்டி, பச்சைமலை, ஆதார் அட்டைக்குப் பின்னால் இருக்கிற லைசென்ஸ், எல்லாம் சொன்னேன். அம்மா சொன்னதையும் சொன்னேன். முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லவேளை, இத்தோடு விட்டது என்று நினைத்தேன். அப்போது கேட்டார்.

“அப்ப அந்த வாந்தி?”

“வண்டி ஆறட்டும்னுதாங்க.”

“எல்லா வாந்தியுமா?”

தலையை ஆட்டினேன். அவர் ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். “நேத்து தொட்டபெட்டாவுல நின்னு பேரு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் காருக்குப் பின்னால் போய் அழுதேன்.

ஒரு மணி நேரம் கழித்துச் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டாவது கியரில் இறக்கினேன். கூடலூரில் ஒரு மெக்கானிக் பிரேக்கைப் பார்த்து, எண்ணெய் மாற்றி, தேய்ந்த பிரேக் கட்டையும் மாற்றினார். இனிமேல் போகலாம், ஆனால் புத்தியோடு போங்கள் என்று என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொன்னார். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

முதுமலைக் காட்டு ரோட்டில் முப்பதுக்கு மேல் போகக்கூடாது, எங்கேயும் இறங்கக்கூடாது. தெப்பக்காடு தாண்டியதும் ஒரு பெண் யானை குட்டியோடு ரோட்டோரம் மூங்கிலை ஒடித்துக்கொண்டிருந்தது. முன்னால் போன வண்டிகள் நின்றன. நானும் ஹாரன் அடிக்காமல், என்ஜினை அணைக்காமல் நின்றேன். யானைக்குப் பயப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கல்லு மாதிரி இருந்ததற்குத்தான் பயந்தேன். குட்டியைப் பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கர்நாடக எல்லைச் சோதனைச் சாவடியில் லைசென்ஸ் கேட்டார்கள். பர்ஸிலிருந்து நான் அதை உருவுவதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். காவலர் கன்னடத்தில் மற்றவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னதைப் பின்னால் நின்ற கூடலூர்க்காரர் ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: புதுமாப்பிள்ளை பாடு யோகம்தான், அந்தம்மா ஓட்டுது, இவரு யானை பார்க்கிறார். என் வீட்டுக்காரர் அதற்கும் சிரிக்கவில்லை.

அன்று குண்டலுப்பேட்டையில் தங்கினோம். சாப்பாட்டுக்கு ராகிக் களி உருண்டை போட்டார்கள். மென்று தின்றுகொண்டிருந்தேன். பரிமாறியவர் பதறிப்போய், மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று சைகை காட்டினார். எனக்கு அன்று விழுங்குவதுதான் முடியாத காரியம். அந்த நேரம் பார்த்து அத்தை போன் அடித்தார். என் வீட்டுக்காரர் எடுத்து, டவர் இல்லை, நல்லா இருக்கா, சாப்பிடறா என்று மட்டும் சொல்லி வைத்தார். நான் இப்பவே சொல்லிடறேங்க என்றேன்.

“போன்ல வேணாம். நேர்ல சொல்லு” என்றார்.

அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. தப்பு என்று அப்போது தெரியவில்லை.

நான்காம் நாள் பந்திப்பூரில் வனத்துறை வண்டியில் காட்டுக்குள் போனோம். புலி வருமென்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்தது ஒரு மயில். பெங்களூர்க்காரர்கள் எழுந்து எழுந்து படம் எடுத்தார்கள். “நம்ம மக்காச்சோளக் காட்டுல இதுங்கள வெரட்டறதுக்கே ரெண்டு ஆளு வேணும்” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவரும் சிரித்தார், கொஞ்சமாக.

ஐந்தாம் நாள் திம்பம் வழியாக ஊருக்கு. சத்தியமங்கலம் காட்டுக்குள் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். எதிரே கரும்பு லாரிகள் முழு வளைவையும் அடைத்துக்கொண்டு ஏறும். ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி இறக்கினேன். அவர் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டி, “வா, வா, ஒரு சாண் இருக்கு, வா” என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். உடைந்துபோன கண்ணாடிக்குப் பதில் அவர் தலைதான். ஒவ்வொரு வளைவாக எண்ணினார். இருபத்தேழு என்றதும் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு, “எனக்கு மலையில ஓட்ட வராதுன்னு மொத வளைவுலயே தெரிஞ்சிபோச்சி. சொல்ல வெக்கமா இருந்திச்சி” என்றார். எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி குன்னத்தில் காத்திருந்தது.

பெரம்பலூர் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன். தெருவில் நுழைவதற்குள் இடம் மாறிக்கொள்ளலாம் என்றேன். அவர் இறங்கவில்லை. “ஓட்டு” என்றார்.

அத்தை ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். கார் நின்றதும் ஓடி வந்து, என்னைக் கைத்தாங்கலாக இறக்குவதற்கு இடது பக்கக் கதவைத் திறந்தார். அங்கே அவர் பிள்ளை உட்கார்ந்திருந்தார். அத்தை தட்டைப் பிடித்தபடி காருக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் இறங்கி, வீட்டுக்குள் காலை வைக்காமல், அங்கேயே நின்று சொன்னேன். விசேஷம் ஒன்றும் இல்லை, வாந்தி பொய், வண்டி ஓட்டத் தெரியும், எங்கள் வீட்டில் மறைத்தார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அத்தை வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

“இவனுக்கு எப்ப தெரியும்?”

“முந்தாநேத்து, கூடலூர்ல.”

“அப்ப ரெண்டு நாளா நான் மட்டுந்தான் சந்தோஷமா இருந்திருக்கேன்” என்றார்.

தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தார். எங்களுக்குச் சோறு போட்டார். அத்தை சாப்பிடவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தின்றோம். ஆண்டிமடத்துக்கு ஆடிக்கு முன்னாலேயே அனுப்பிவிடுவார், திரும்ப அழைக்கவும் மாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. துணிமணியை மடித்துக்கூட வைத்தேன்.

விடிந்ததும் அத்தை புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். “வண்டிய எடு. அரியலூர் போவணும்” என்றார். பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நீ இரு என்று அத்தை அவரை நிறுத்திவிட்டு, என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

தெருக்கோடியில் நிறுத்தச் சொன்னார். அது சின்ன மாமியார் வீடு. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றவர் அங்கே சொல்லியிருந்தாராம். போய்ச் சொல்லிட்டு வா என்றார். இறங்கிப் போய், அது சும்மா உடம்புக்கு முடியாமல் வந்தது, ஒன்றுமில்லைங்க என்று சொன்னேன். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஊர் எல்லையில் பூக்காரம்மா வீடு. அங்கேயும் சொல்லியிருந்தார். அங்கேயும் போய்ச் சொன்னேன். அத்தை நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குக் கூச்சத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

அரியலூரில் அத்தையின் அக்கா வீடு. நான் கதவைத் திறந்தபோது, “இங்க நான் போறேன், அக்கா அழுவும்” என்று சொல்லி அவரே இறங்கினார். அந்தம்மா சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தபடி வெளியே வந்து காருக்குள் என்னைத் தேடியதையும், அத்தை ஏதோ சொன்னதும் அந்தச் சிரிப்பு போனதையும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இருவரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும்போது சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. வழிக்காகக் காத்து நின்றோம். அத்தை என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“நெசமா ஒண்ணு வந்தா, மொதல்ல யாருகிட்ட சொல்லுவ?”

உங்ககிட்டதாங்க அத்தை என்று சொன்னால் அவர் மனசு குளிரும். எனக்கும் அந்த நிமிஷம் கடந்துபோகும். வாய்வரை வந்துவிட்டது.

“அவருகிட்டங்க. அதுக்கப்புறம் உங்ககிட்ட” என்றேன்.

கடைசி லாரியும் போயிற்று. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “செரி. அதயாவது நெசமாச் சொன்னியே. போ” என்றார்.